களப்புத் தண்ணீர் குடித்த கணினி

“என்ர கொம்பியூட்டர் ஒரு இரவு முழுக்க நாயாற்றுக் களப்புக்குள்ள கிடந்தது. ரெண்டு இறால் உள்ளுக்குள்ள குடும்பம் நடத்தினது. பிறகு கிணத்தடியில குளிச்சு, வெயிலில காய்ஞ்சு, இப்ப உங்களை வெல்ல வந்து நிக்குது, அண்ணை. ஒருக்காக் கும்பிட்டுக்கொள்ளுங்கோ.”

எமில்டா இதைச் சொன்னது அந்தோனியார் திருநாளன்று, பூசை முடிந்த கையோடு, கோயில் மண்டபத்தின் நட்டநடுவில் நின்று. மண்டபத்தில் இருநூறு பேர் இருந்திருப்பார்கள். அவர்கள் சிரித்த சிரிப்பில் கூரைத் தகரத்தில் இருந்த காகங்கள் எழும்பிப் பறந்து முல்லைத்தீவில் போய்த்தான் இறங்கின.

சிரிக்காதவன் ஒருவன்தான். அவளுடைய சொந்த அண்ணன் கொலின்ஸ்.

“பொய்!” என்றான் அவன். “அந்தப் பெட்டி தண்ணியைக் கண்ணாலயும் காணேல்லை. தோத்துப்போனாச் சொல்லுறதுக்கு இப்பவே சாட்டுத் தேடுறாள். கேட்டுக்கொள்ளுங்கோ சனங்களே, தண்ணி, இறால் எல்லாம் இவள் வாயால பிடிச்சது.”

கொலின்ஸ் அப்படித்தான். பிறர் கூட்டிச் சொன்னால் அவனுக்கு உடம்பெல்லாம் கடிக்கும். யாரோ ஒருவர் பதினொரு கிலோ பாரை மீன் பட்டது என்றால், “பத்து கிலோ எழுநூறு” என்று கூட்டத்தின் பின்னாலிருந்து குரல் வரும். அவனுடைய கலியாண வீட்டிலே, மாப்பிள்ளைக்கு முப்பது வயது என்று சாமியார் சொல்ல, “முப்பதும் நாலு மாதமும்” என்று பீடத்தடியில் நின்று திருத்தினவன். அண்ணனும் தங்கையும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பதை அவர்களைப் பெற்ற சூசையம்மா சொன்னால் மட்டுமே ஊர் நம்பும். ஏழு வருடமாக இருவரும் தாயின் முற்றத்தில் ஒருவரை ஒருவர் காணும்போதெல்லாம் பல்லைக் கடித்தே பல் தேய்ந்துபோனார்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் றோட்டுக்கரைக் கொட்டில். தகப்பன் யாக்கோப்பு ஏழு வருடத்துக்கு முன்னர் அதைப் பிரிக்காமலே கண்ணை மூடிவிட்டார். அதிலே எமில்டா பதினாலு வருடமாகப் படகு எஞ்சின் திருத்துகிறாள். செம்மலையிலிருந்து கொக்கிளாய் வரைக்கும் இருமுகிற எஞ்சின் எல்லாம் அவளிடம்தான் வரும். அவள் காதை வைத்துக் கேட்டால் எஞ்சின் தன் நோவைத் தானே சொல்லும் என்பார்கள். கொட்டில் போனால் அவளுக்குப் பிழைப்பு இல்லை. அவளுடைய வீடோ மணல் ஒழுங்கைக்குள். எஞ்சின் ஏற்றி வருகிற உழவு இயந்திரம் அதற்குள் வராது. காற்று அடிக்கிற கொம்பிறசரை வைக்கவும் அங்கே இடமில்லை. கொட்டிலின் திறப்பு சூசையம்மாவின் சேலைத் தலைப்பில் முடிந்து கிடந்தது. மனுசி காலையில் திறப்பாள், பின்னேரம் பூட்டுவாள், இரண்டு பிள்ளைகளையும் சம அளவில் திட்டுவாள்.

உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த கிழமை கொலின்ஸ் ஓட்டோவில் வந்து இறங்கினான். அவன் கடலை விட்டுப் பன்னிரண்டு வருடம். புதுக்குடியிருப்பிலே தொலைபேசிக் கடை வைத்திருக்கிறான். மடியில் குழந்தையைப் போல ஒரு கண்ணாடிப் பெட்டி. கொண்டுவந்து எமில்டாவின் வேலை மேசையில், கழற்றி வைத்திருந்த எஞ்சினைத் தள்ளிவிட்டு வைத்தான். ஆளியைப் போட்டதும் சிவப்பு, பச்சை, நீலம் என்று அது எரிந்த எரிவில், பக்கத்து வளவுச் சேவல் நடு மத்தியானத்தில் விடிந்துவிட்டது என்று கூவியது.

“நாலு லட்சத்து அறுபத்தையாயிரம்,” என்றான். “வவுனியாவில இருந்து வந்தது. இப்பிடி இன்னும் ஏழு வாங்கி இந்தக் கொட்டிலில கேம்ஸ் கடை போடப்போறன். உன்ர இரும்புக் குப்பையை அள்ளிக்கொண்டு நட.”

எமில்டா கையிலிருந்த ஓயிலைத் துணியில் துடைக்காமலே அந்தக் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தாள். ஐந்து விரலும் கறுப்பாய்ப் பதிந்தன.

“காத்து எங்கால போகும், அண்ணை? முன்னுக்கும் கண்ணாடி, பக்கத்திலயும் கண்ணாடி. மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுற ஆள் மாதிரி இருக்குது. இதின்ர கால்வாசிக் காசில நான் ஒண்டு கட்டுறன். அது உதைவிட நிண்டு பிடிக்கும். கேம்ஸ் கடைதான் ஊருக்கு வேணுமெண்டா, என்ர வேர்க்சொப்பின்ர ஒரு மூலையில நானே போடுறன்.”

“நீ? எஞ்சினுக்குக் கிறீஸ் பூசுற நீ கொம்பியூட்டர் கட்டுறியோ?”

“கடை போடுற நீங்கள் கடலுக்குப் போனனீங்கள்தானே? மூண்டு மைலில வயித்தைப் பிரட்டிச் சத்தி எடுத்துக்கொண்டு.”

“ரெண்டரை மைல்!” என்று கத்தினான் கொலின்ஸ்.

சூசையம்மா மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தாள். “வாயால எஞ்சின் ஓட்டாதேங்கோ, ரெண்டு பேரும். எடியே, கட்டு. கட்டிக் கொண்டு வா. திருநாளண்டு ரெண்டு பெட்டியும் மண்டபத்தில வையுங்கோ. ஒரே விளையாட்டு. காலமை பத்து மணியில இருந்து நாலு மணி மட்டும். மூண்டு தரம் அணைஞ்சு விழுந்த பெட்டி தோத்தது. வெண்ட ஆளுக்குத் திறப்பு. தோத்த ஆள் அந்தக் கொட்டில் வாசலில காலும் வைக்கக் கூடாது, செத்த வீட்டுக்கும் வரக் கூடாது.”

“ஆற்ற செத்த வீட்டுக்கு?” என்றான் கொலின்ஸ்.

“என்ரதுக்குத்தான், மூதேவி.”

எமில்டாவுக்குக் கணினியைப் பற்றி அன்று தெரிந்ததெல்லாம், அதற்கும் மின்சாரம் வேண்டும் என்பதுதான். ஆனால் அவளுக்குப் படகு தெரியும். இங்கே படகு கட்டுகிறவர்கள், கையில் காசு இல்லாவிட்டால் பதினைந்து குதிரை எஞ்சினைத்தான் வாங்குவார்கள். எஞ்சின் கொழுவுகிற பின்பலகையை மட்டும் நாற்பது குதிரைக்குத் தாங்குகிற மாதிரிப் போடுவார்கள். எஞ்சினை எப்போதும் மாற்றலாம். பலகையை மாற்றுவதென்றால் படகையே வெட்ட வேண்டும்.

அந்தக் கணக்கோடு அவள் வவுனியாவுக்குப் பஸ் ஏறினாள். பழைய கணினிச் சாமான் விற்கிற ஒருவனை மூன்று மணித்தியாலம் கேள்வி கேட்டாள். கடைசியில் அந்த மனுசன் தன் கதிரையை அவளுக்குக் கொடுத்துவிட்டுத் தான் கீழே இருந்து பதில் சொன்னானாம். மதர்போட் புதிது, நினைவக அட்டைக்கு, அதுதான் றாமுக்கு, நாலு இடம் உள்ளது. பவர் சப்ளையும் புதிது. இன்று தேவைப்படுகிற மின்சாரத்தைப் போல ஒன்றரை மடங்கு கொடுக்கக் கூடியது. மற்றதெல்லாம் இரண்டாம் கை. படம் காட்டுகிற கிராபிக்ஸ் காட் யாரோ ஒருவர் நாலு வருடம் பாவித்தது. நாலு இடத்தில் ஒரே ஒரு றாம். எல்லாம் சேர்த்து ஒன்றேகால் லட்சத்துக்குள் முடித்தாள்.

பெட்டிக்குத்தான் காசு இல்லை. அதற்கு அவள் யோசிக்கவும் இல்லை. தாயின் நீல நிறப் பிளாஸ்ரிக் மீன்கூடை ஒன்றை எடுத்தாள். நாலு பக்கமும் அடியிலும் ஓட்டை. காற்று எந்தப் பக்கத்தாலும் வரலாம், போகலாம். உள்ளே இன்னொரு காட் வைத்தாலும் இடம் மிச்சம். காலியான மூன்று றாம் இடங்களுக்கும் உப்புக்காற்று புகாதபடி கறுப்பு ரேப் ஒட்டினாள்.

கொலின்ஸ் பார்க்க வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “மூண்டு வீடு சும்மா பூட்டிக் கிடக்குது, குடியிருக்க ஆளில்லை! காசில்லாதவளுக்குக் காலி வீடு என்னத்துக்கு?” போகிறபோது மார்க்கர் பேனாவால் கூடையின் விளிம்பிலே ‘மீன் நாத்தம்’ என்று வடிவான கையெழுத்தில் எழுதிவிட்டும் போனான்.

சூசையம்மாவோ இரண்டு பேரையும் நம்பவில்லை. மீன்காரிகள் தங்கள் கூடை மாறிப்போகாமல் இருக்கப் பெயின்ற் அடையாளம் வைப்பார்கள். அவளுடைய அடையாளம் சிவப்புப் படகுப் பெயின்றில் ஒரு சின்னச் சிலுவை. தூரிகையும் பேணியுமாக வந்து, இரண்டு கணினியின் உள்ளே இருந்த ஒவ்வொரு சாமானிலும் ஒரு சிலுவை போட்டாள்.

“நாலரை லட்சத்துச் சாமான், அம்மா!” என்று பதறினான் கொலின்ஸ்.

“நாலு அறுபத்தைஞ்சு எண்டாய். எதெண்டாலும் என்ர பெயின்ற் உதைவிடக் கன காலம் நிக்கும். திருநாளண்டு சிலுவை இல்லாத சாமான் ஒண்டு உள்ளுக்க இருந்தாலும் அந்த ஆள் தோத்தது.”

திருநாளுக்கு நாலு நாள் முன்னர், கோயில் மண்டபத்து மின்சாரம் எப்படி என்று பார்த்து வர எமில்டா கணினியோடு புறப்பட்டாள். கோயில் களப்பின் மறுகரையில். அவளுடைய புருசன் றஜித், உழவு இயந்திரத்தில் ஏற்றுவோம் என்றான். “அந்த றோட்டில போனா மனிசற்ற பல்லே கழண்டு விழும். தண்ணி குலுக்காது. படகில ஏத்து,” என்றாள் அவள். ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். கணினியைத் தண்ணீருக்கு மேலே கொண்டுபோவது பாதுகாப்பு என்று நினைக்கிற சனம் நாயாற்றில்தான் உண்டு.

காலை எட்டு மணிக்குக் கூடையைப் படகில் வைத்துப் படங்குத் துணியால் மூடிவிட்டு, இருவரும் பெற்றோல் கான் எடுக்கக் கொட்டிலுக்குப் போனார்கள். றஜித் கானின் மூடியை எங்கோ போட்டுவிட்டான். அதைத் தேடி, திட்டி, கண்டுபிடித்து, மறுபடி திட்டித் திரும்பி வர அரை மணித்தியாலம்.

படகு கட்டினபடியே நின்றது. களப்பு கண்ணாடி போல அசையாமல் கிடந்தது. படங்கு மடித்து ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. நீலக் கூடை இடுப்பளவு தண்ணீருக்கு அடியில், மணலில் குந்தியிருந்தது. அதன் ஓட்டையொன்றில் ஒரு சின்ன இறால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

மீன்கூடைக்குக் கால் முளைக்காது. படங்கு தன்னைத் தானே மடித்துக்கொள்ளாது. எமில்டாவுக்கு ஆளைத் தெரியும். ஆனால் கரையில் ஒரு காகம்தான் நின்றது. காகம் சாட்சி சொல்லாது.

“போச்சு! செத்துப்போச்சு!” என்று றஜித் கூடையைத் தூக்கிக்கொண்டு கொட்டிலுக்கு ஓடினான். ஓடின வேகத்தில் பிளக்கைக் குத்தி உயிர் இருக்கிறதா என்று பார்க்கப்போனான். எமில்டா குறட்டால் அவன் கையில் ஒன்று போட்டாள்.

“விசரா! கடலுக்க விழுந்த எஞ்சினை உடன இழுத்து ஸ்ராட் பண்ணுவியோ? இழுத்தாத்தான் சாகும். இது நித்திரையில விழுந்தது. சாகேல்லை, ஊத்தையாப் போச்சு, அவ்வளவுதான். கழட்டு. கழுவு.”

கரண்டு கொடுக்காமல் இருந்ததுதான் அதன் உயிர். அவள் அதைத் துண்டு துண்டாகக் கழற்றினாள். சின்னப் பற்றரியைக் கழற்றித் துடைத்துத் தனியே வைத்தாள். கிணற்றடியில் இருபது வாளி நல்ல தண்ணீரால் அலசினாள். பல் தேய்க்கிற பிரசால் ஒவ்வொரு மூலையாகத் தேய்த்தாள். பிறகு பற்றரிக்கு விடுகிற காய்ச்சி வடித்த தண்ணீரை ஆறு போத்தல் ஊற்றி உப்பின் கடைசி மணியையும் இறக்கினாள். கொம்பிறசரால் ஊதினாள். அந்த ஊதலில் பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த சாரம் கொக்கிளாய்க்குப் போய்விட்டதாகக் கதை. மூன்று பகல் வெயிலில் பாயில் பரப்பிக் காயவிட்டாள்; கருவாட்டுக்குக் காகம் விரட்டுகிற மாதிரிப் பக்கத்தில் தடியோடு இருந்தாள். திருநாளுக்கு முதல் நாள், அதே பற்றரியைப் போட்டு எல்லாவற்றையும் பூட்டி, பிளக்கைக் குத்தி, ஆளியில் விரலை வைத்து அமத்தினாள். பதினாலு வருடம் அந்த விரல் நுனியில் நின்றது.

காற்றாடி சுற்றியது. திரை வெளித்தது. றஜித் சிலுவைக் குறி போட்டுக்கொண்டான்.

அப்படித்தான் மண்டபத்துக்கு வந்தார்கள். அரை மணித்தியாலம் என்ற உண்மையைச் சொல்ல எமில்டாவுக்கு மனம் வரவில்லை. ஒரு இரவு என்றாள்.

பத்து மணிக்கு ஆட்டம் தொடங்கியது. கார் ஓட்டப் போட்டி. கொலின்ஸ் தன் கணினியில் தானே இருந்தான். எமில்டாவின் கணினியில் றஜித். வலை காய்கிற நேரமெல்லாம் தொலைபேசியில் கார் ஓட்டியே பழகின ஆள். சூசையம்மா இரண்டுக்கும் நடுவில் கதிரை போட்டு, திறப்பை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

சோளகக் காற்று சுட்டுக்கொண்டு வீசியது. மத்தியானமாக, தகரக் கூரை அடுப்புக்கல் மாதிரிக் கொதித்தது. கண்ணாடிப் பெட்டியின் காற்றாடிகள் கத்தத் தொடங்கின. முதலில் நுளம்பு போல, பிறகு வண்டு போல, கடைசியில் விமானம் இறங்குகிற மாதிரி. கோயில் வளவில் நின்ற ஆடு ஒன்று குட்டியை இழுத்துக்கொண்டு ஓடியது. பன்னிரண்டே முக்காலுக்குக் கண்ணாடிப் பெட்டி ‘டக்’ என்று அணைந்தது.

“ஒண்டு,” என்றாள் சூசையம்மா.

“கறன்ற் பிழை!”

“ரெண்டும் ஒரே கறன்ற்தான், மோனே.”

மறுபடி கொளுத்தினான். இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க மறுபடி அணைந்தது. கண்ணாடியில் கை வைத்தவன் உதறிக்கொண்டு எடுத்தான்.

“அண்ணை, ஒரு முட்டையை உடைச்சு ஊத்துங்கோ,” என்றாள் எமில்டா. “வந்த சனத்துக்குச் சாப்பாடாவது ஆகட்டும்.”

அவள் வாய் மூடவில்லை, நீலக் கூடை மூன்று தரம் கூவிவிட்டுச் செத்தது. திரை கறுத்தது. மண்டபம் ஆரவாரித்தது.

“இறால் கடிச்சுப்போட்டுது போல!” கொலின்ஸ் கதிரையில் ஏறி நின்றான். “தூக்குங்கோ, களப்புக்க விடுங்கோ! தாய் மீன் தேடும்!”

 எமில்டா குந்தி, கூடைக்குள் கையை விட்டு, அந்த ஒற்றை றாமைப் பிடுங்கிப் பார்த்தாள். அதில் பிழை இல்லை. அது இருந்த இடத்தின் பித்தளைப் பல் ஒன்றில் பச்சையாகப் பூத்திருந்தது. உப்பு. அவளுடைய பிரசுக்குத் தப்பின ஒரு பல். கழுவ நேரம் இல்லை, கழுவினாலும் காயாது.

பக்கத்தில் கறுப்பு ரேப் ஒட்டின காலி இடம். நகத்தால் ரேப்பைக் கிழித்தாள். உள்ளே கடையிலிருந்து வந்த அன்று போலப் பளபளவென்று இருந்தது. றாமை அங்கே வைத்து இரண்டு பெருவிரலாலும் அமத்தினாள். ஆளியைத் தட்டினாள்.

காற்றாடி சுற்றியது. திரை வெளித்தது.

“காலி வீடு என்னத்துக்கு எண்டு கேட்டனீங்கள், அண்ணை,” என்றாள் எழும்பாமலே. “குடி எழும்பிப் போக.”

“இவளுக்கு ஒண்டு,” என்று எண்ணினாள் சூசையம்மா. அவள் குரலில் இரக்கம் இல்லை.

மூன்றரை மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. கண்ணாடிப் பெட்டி, சொல்லாமல் கொள்ளாமல், எல்லா நிறமும் ஒன்றாக அணைந்து, பிளாஸ்ரிக் கருகுகிற மணத்தோடு படுத்துவிட்டது. இந்தத் தடவை ஆளியைத் தட்டியும் எழும்பவில்லை. றஜித் தன் காரை அப்போதும் ஓட்டிக்கொண்டே இருந்தான். நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

“மூண்டு,” என்றாள் சூசையம்மா. திறப்பை எடுத்தாள்.

“நில்லுங்கோ அம்மா!” கொலின்சின் முகம் சிவந்து போயிருந்தது. “இது அந்தக் கொம்பியூட்டர் இல்லை! இவள் சாமான் மாத்திப்போட்டாள். உள்ளுக்க எல்லாம் புதுசு. திறப்பை எனக்குத் தாங்கோ!”

 தாய் திறப்பை மறுபடி மடியில் வைத்துவிட்டாள். எழும்பி வந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, கூடைக்குள் தலையை விட்டாள்.  மதர்போட்டில் சிவப்புச் சிலுவை. காட்டில் சிவப்புச் சிலுவை. றாமில், பவர் சப்ளையில், காற்றாடியில். கூடை விளிம்பில் ‘மீன் நாத்தம்’, அவனுடைய கையெழுத்திலேயே.

“எல்லாம் என்ர சிலுவைதான்,” என்றாள் தாய். “நீயும் வந்து பார்.”

கொலின்ஸ் குனிந்து பார்த்தான். ஒவ்வொரு சிலுவையாக விரலால் தொட்டான். நகத்தால் சுரண்டியும் பார்த்தான். படகுப் பெயின்ற் அசையவில்லை.

“ஏலாது,” என்று முணுமுணுத்தான். “இது ஓட ஏலாது.”

“ஏன் ஏலாது?” எமில்டா எழும்பி அவனுக்கு முன்னால் போய் நின்றாள். “உங்கட கதைப்படி இது தண்ணியே காணேல்லையே. தண்ணி காணாத பெட்டி ஓடத்தானே வேணும்?”

அவன் மறுபடி கூடைக்குள் தலையை விட்டு இன்னும் ஒருதரம் சிலுவைகளை எண்ணினான். 

எமில்டா சனத்தின் பக்கம் திரும்பினாள். “நான்தான் சொன்னனே, சனங்களே. ஒரு இரவு இல்லை, இப்பதான் ஞாபகம் வருது, ரெண்டு இரவும் ஒரு பகலும் தண்ணிக்குள்ள கிடந்தது! பத்துப் பாகம் ஆழம்! சுறா ஒண்டு வந்து மணந்து பாத்திட்டு…”

“பத்துப் பாகமோ!” கொலின்சுக்கு உடம்பெல்லாம் கடித்தது. “களப்பில எங்கயடி பத்துப் பாகம்? இடுப்பளவு தண்ணி!”

“ரெண்டு இரவும் ஒரு பகலும்,” என்றாள் எமில்டா அமைதியாக.

“பொய்! அப்பட்டமான பொய்! அரை மணித்தியாலம்! எட்டு அஞ்சுக்கு விழுந்தது, எட்டு முப்பத்தைஞ்சுக்கு எடுத்தனீங்கள், நான் கரைக் கண்டல் பத்தைக்க ஒளிச்சு நிண்டு மணிக்கூடு பாத்தனான்!”

 றஜித்தின் கார் மட்டும் எங்கேயோ ஒரு வளைவில் கிறீச்சிட்டது.

சூசையம்மா திறப்பை எமில்டாவின் கையில் வைத்து, விரல்களை மூடி அமத்தினாள். பிறகு மகனைப் பார்த்தாள்.

“அப்ப அது விழுந்தது உண்மையோ?”

கொலின்ஸ் நிலத்தைப் பார்த்தான். நீலக் கூடையைப் பார்த்தான். அது ஓடிக்கொண்டே இருந்தது.

“ஓம்,” என்றான். “விழுந்தது. முழுசாத் தண்ணிக்குள்ள தாண்டது. பேந்து எழும்பி வந்து ஓடுது. எல்லாம் உண்மைதான்.” வாசல் வரைக்கும் போய்த் திரும்பினான். “ஆனா இறால் ஒண்டுதான்.”